ஈச்சங்காட்டில் ஒற்றைக் குரல்

எனக்கும் என் ஓரகத்திக்கும் அப்ப மூணு மாசமாப் பேச்சு வார்த்தை இல்லை. ஓரகத்தின்னா என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. பக்கத்து வீடுதான். என் ஆட்டுக்குட்டி அவ வாசல்ல காயப்போட்டிருந்த வத்தலைத் தின்னுருச்சு, அதுதான் சண்டை. குட்டி தின்னது ஒரு கைப்பிடி இருக்கும். அவ பேசுன பேச்சு இருக்கே, அம்புட்டையும் மூட்டை கட்டுனா ஒரு லோடு வரும். நானும் சும்மா இருக்கலை. எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது, அது ஊருக்கே தெரியும்.

இருந்தும் அந்த மார்கழியில ஒருநாள் ரெண்டு பேரும் சேந்துதான் காட்டுக்குப் போனோம். போக வேண்டியதாப் போச்சு. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்க, ஒட்டடை அடிக்கன்னு திண்டுக்கல் கடைகள்ல ஈச்ச மாறு, அதான் ஈச்ச ஓலையில கட்டுற விளக்கமாறு, கேட்டுக்கிட்டே இருப்பாங்க. மார்க்கெட் பக்கம் கடை வச்சிருக்கிற பாய் ரெண்டு தரம் போன் பண்ணிட்டாரு, "என்னம்மா, பொங்கல் முடிஞ்சு கொண்டாந்து என்ன செய்ய?"ன்னு. மத்த பொம்பளைங்க எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்க. ஒத்தையில காட்டுக்குள்ள போகக் கூடாது. மிச்சம் இருந்தது நான் ஒருத்தி, அவ ஒருத்தி. அவ அருவாளையும் கயித்தையும் எடுத்துக்கிட்டு தெருவுல நின்னா. "வாரியா"ன்னு கேக்கலை. நானும் "வாரேன்"னு சொல்லலை. பின்னாடியே நடந்தேன்.

எங்க ஊரு சிறுமலை அடிவாரம். ஊர் முடியுற இடத்துல கண்மாய், கண்மாய்க் கரையைத் தாண்டுனா காடு. டவுன்ல இருந்து வந்த ஒரு அம்மா என்கிட்ட ஒருதரம் கேட்டுச்சு, "இப்பத்தான் எல்லார் வீட்டுலயும் கேஸ் இருக்கே, இன்னும் எதுக்குக் காட்டுக்குப் போறீங்க"ன்னு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. கேஸ்ல சோறு பொங்கலாம். ஆட்டுக்குத் தழை சிலிண்டர்லயா வரும்? மழை விட்ட மூணாம் நாள் காளான், கோடையில புளி, அதுக்கு முன்னாடி நெல்லி, கடுக்காய், மூட்டு வலிக்குப் பிரண்டை, வெஞ்சனத்துக்கு ஒண்ணும் இல்லாத நாள்ல சுண்டைக்காய், எல்லாம் அங்கதான். என் மகளைக் காலேஜ்ல சேத்தப்ப நான் கட்டுன முதப் பீசு மாறு கட்டி வந்ததுதான். கடையில யாரும் எனக்குச் சும்மா குடுக்கலை. காடு குடுத்துச்சு.

குடுக்குதுன்னு வழிச்செடுத்துட்டு வரவும் மாட்டோம். பச்சை மரத்துல அருவா படாது. ஈச்சம்புதர்ல சுத்தி இருக்கிற ஓலையைத்தான் அறுக்கணும், நடுக் குருத்துல கை வைக்கக் கூடாது. இந்த வருசம் அறுத்த புதரை அடுத்த வருசம் விட்டுறணும். போன தடவை போனப்பவே நல்ல புதராப் பாத்து ஒரு ஓலையை முடிஞ்சு விட்டுட்டு வருவோம். முடிச்சு இருந்தா அது ஒருத்திக்கு ஆனதுன்னு அர்த்தம். யாரு முடிஞ்சான்னு எழுதியா வச்சிருக்கு? ஆனா எல்லாருக்கும் தெரியும். அதைத் தொடுறவ அடுத்தவ அடுப்புல பானையை இறக்குறவளுக்குச் சமம்.

இன்னொண்ணும் சொல்லணும், அதைச் சொன்னாத்தான் பின்னாடி நடந்தது புரியும். காட்டுக்குள்ள பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிடணும்னா "ஊய்... ஊய்"ன்னு ரெண்டு தரம் விடாமக் குரல் குடுக்கணும். கேட்டவளும் ரெண்டு தரம் குடுப்பா. ஒத்தைக் குரல் கேட்டா வாயைத் திறக்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. நின்னு பாக்கணும், ரெண்டாங்குரல் வந்தா மனுசர், வரலைன்னா அது வேற என்னமோ. காத்துக் கருப்புன்னு சொல்லுவாங்க. நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. கையில டச் போன் வச்சிருக்கேன். ஆனா காட்டுக்குள்ள ஒத்தைக் குரலுக்கு நான் திரும்புனதே இல்லை.

அன்னைக்குப் பனி. ஏழு மணிக்கு உள்ள போனோம். ஒரு நாலஞ்சு புதரு தள்ளித் தள்ளி நின்னு அறுத்துக்கிட்டிருந்தோம், பேச்சு இல்லை, அருவாச் சத்தம் மட்டும். ஒம்போது மணி வாக்குல ஓடைக்கு மேல இருக்கிற சரிவுக்கு வந்தேன். அங்க எனக்குன்னு ஒரு புதரு முடிஞ்சு வச்சிருந்தேன், ஆள் ஒசரம், ஓலை ஒண்ணொண்ணும் கோடு போட்ட மாதிரி. போய்ப் பாத்தா மொட்டை. குருத்து மட்டும் நிக்குது. பக்கத்துல என் ஓரகத்தி உக்காந்து கட்டுக் கட்டிக்கிட்டிருக்கா.

மூணு மாசம் கழிச்சு வாயைத் திறந்தேன். "அது நான் முடிஞ்ச புதரு."

"முடிச்சு இருந்துச்சா? நான் பாக்கலையே."

"கண்ணு எங்க இருந்துச்சு, பொடதியிலயா?"

"ஏன், காட்டுக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கியா? நீ வந்தது நேத்து. நான் இந்த மலையில ஏறி இருவத்தஞ்சு வருசமாச்சு."

"இருவத்தஞ்சு வருசமா அடுத்தவ முடிச்சைத்தான் அவுத்துக்கிட்டிருந்தியாக்கும்."

அவ எந்திரிச்சா. மூஞ்சி செவந்துபோச்சு. கட்டுன கட்டை எட்டி உதைச்சா, அது உருண்டு என் காலடியில வந்து நின்னுச்சு. "இந்தா, நீயே கொண்டுபோய்த் தின்னு"ன்னா. அருவாளை எடுத்துக்கிட்டு மேல பாறைப் பக்கம் ஏறுனா. பாறைப் பக்கம் யாரும் தனியாப் போறதில்லை, ரெண்டு வருசமா அங்க காட்டுமாடு நடமாட்டம் இருக்கு. எனக்கு அது தெரியும். "அக்கா, அந்தப் பக்கம் வேணாம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. போனாப் போன்னு அவ உதைச்ச கட்டை அங்கயே போட்டுட்டு ஓடைக்கு எறங்குனேன்.

ஓடையில தண்ணி இல்லை, மணல்தான். கரையில ஒரு புதரை அறுத்துக்கிட்டே அவளை மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டிருந்தேன். ஒரு அரைமணி நேரம் போயிருக்கும்.

அப்பத்தான் கேட்டுச்சு.

"ஊய்."

மேல இருந்து வந்துச்சு. பாறைப் பக்கம். பாதியில அறுந்த மாதிரி இருந்துச்சு. அருவாளைக் கீழ வச்சேன். தலையைத் திருப்பலை. அப்படியே நின்னேன், ரெண்டாங்குரலுக்காக. ஒரு கொண்டலாத்திக் குருவி கத்துச்சு. அப்புறம் ஒண்ணுமில்லை. செத்த நேரம் நின்னேன்.

இப்ப உள்ளதைச் சொல்லிருறேன். அது காத்துக் கருப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். பதினெட்டு வருசமா அடுத்த வீட்டுல கேக்குற தொண்டை அது. இருமலைக் கேட்டே ஆள் சொல்லுவேன், குரலைக் கேட்டாத் தெரியாதா? ஒத்தைக் குரலுக்குத் திரும்பக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு, அது அன்னைக்கு எனக்குத் தோதா இருந்துச்சு. அம்புட்டுத்தான். உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லுச்சு, 'இப்ப மட்டும் நான் வேணுமாக்கும், நல்லாக் கத்தட்டும்'னு. அருவாளை எடுத்துக்கிட்டேன். கட்டைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நடந்தேன்.

காட்டு வாயில சுமை எறக்குற கல்லு ஒண்ணு இருக்கு. முன்னப் பின்ன வந்தாலும் அங்க காத்திருந்து சேந்துதான் ஊருக்குள்ள போகணும். அங்க உக்காந்தேன். பதினோரு மணி ஆச்சு. வரலை. என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காம அவ வேற தடத்துல எறங்கிப் போயிருப்பான்னு நானே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன். போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வந்து பாத்தா அவ வீட்டுல பூட்டுத் தொங்குது. அவ ஆடு ரெண்டும் தழை இல்லாமக் கத்துது. ஆடு கத்துனா அவளுக்குப் பொறுக்காது, எங்க இருந்தாலும் ஓடி வருவா. நான் சோத்தைப் போட்டு உக்காந்தேன், எறங்கலை. போன் போட்டேன். மூணு மாசமாப் போடாத நம்பரு. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காருன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. பன்னெண்டரை ஆச்சு, ஒண்ணாச்சு. அட பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்னு அப்பத்தான் ஒறைச்சுச்சு.

அவ புருசன் முருங்கைத் தோட்டத்துல தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தாரு. வரப்புல ஓடுனேன். "மச்சான், அக்கா இன்னும் காட்டுல இருந்து வரலை"ன்னேன். அவரு மோட்டாரைக்கூட நிறுத்தலை, அப்படியே மம்பட்டியைப் போட்டுட்டு வந்தாரு.

"எங்க விட்டுட்டு வந்த?"

"ஓடைக்கு மேல. தனித்தனியாப் போயிட்டோம்."

"ஏன் தனியாப் போனீங்க?"

அவருக்கே புரிஞ்சிருச்சு. பல்லைக் கடிச்சாரு.

"குரல் குடுத்தாளா?"

இங்கதான் நான் சொல்லியிருக்கணும். ஆமா மச்சான், ஒரு தரம் குடுத்துச்சு, பாறைப் பக்கத்துல இருந்துன்னு. இம்புட்டுத்தான் வார்த்தை. ஆனா அதைச் சொன்னா அடுத்த கேள்வி வரும், கேட்டுச்சுன்னா ஏன் போகலைன்னு. இந்த வழக்கத்தைச் சொன்னா அவரு ஒத்துக்கிட்டிருப்பாரு, ஊரே ஒத்துக்கிட்டிருக்கும். எனக்கு ஒத்துக்க முடியலையே. அவரு கண்ணைப் பாத்து அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"கேக்கலை மச்சான்"னேன்.

பாரஸ்ட்டு வாட்சர் எங்க ஊரு ஆளுதான். அவரையும் இன்னும் மூணு ஆம்பளைகளையும் கூட்டிக்கிட்டு ரெண்டு மணிக்கு உள்ள போனோம். என்னை வேணாம்னாங்க, நான் கேக்கலை. குரல் கேக்கலைன்னு நான் சொன்னதால, தூரமாப் போயிருப்பான்னு நினைச்சாங்க. நெல்லி மரங்க இருக்கிற கீழ்ப்பக்கம் போயிருப்பா, நெல்லி பொறுக்கப் போயிருப்பான்னு முடிவு பண்ணி ஓடையோடவே கெழக்க நடந்தாங்க. பாறை மேக்க இருக்கு. நான் வாயை மூடிக்கிட்டுப் பின்னாடி போறேன். ஒவ்வொரு எட்டுக்கும் அவகிட்ட இருந்து தள்ளிப் போறோம்னு எனக்கு மட்டும் தெரியுது. அந்த நடை இருக்கே, அதை என் எதிரிக்கும் குடுக்கக் கூடாது.

"ஊய்... ஊய்!" மச்சான் கூப்பிட்டாரு. பதில் இல்லை. வாட்சர் கூப்பிட்டாரு. பதில் இல்லை. நெல்லி மரத்தடியில ஒரு காலடிகூட இல்லை. மார்கழியில வெளிச்சம் சீக்கிரம் எறங்கிரும். மூணரை ஆச்சு. மரத்து நெழல் நீண்டுபோச்சு. "இன்னும் செத்த நேரம் பாப்போம், இருட்டுனா உள்ள நிக்க முடியாது, நாளைக்கு ஆபீஸ்ல சொல்லி ஆளோட வருவோம்"னு வாட்சர் சொன்னாரு. மச்சான் ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. முதுகு குலுங்குச்சு, சத்தம் வரலை.

"மேக்க பாக்கலாம். பாறைப் பக்கம்"னேன்.

"அங்க எதுக்கும்மா போகப் போகுது?"ன்னாரு வாட்சர்.

"மனசுல படுது. வாங்க, போவோம். வரலைன்னா நான் ஒத்தையில போறேன்."

மச்சான் என்னைத் திரும்பிப் பாத்தாரு. ஒண்ணும் கேக்காம மேக்க நடந்தாரு, ஓட்டமும் நடையுமா.

சரிவு ஏறுறப்ப அவ உதைச்சுவிட்ட கட்டு அங்கயே கெடந்துச்சு. அதைத் தாண்டிப் போனோம். பாறைக்கு நூறடி இருக்கும்போது வாட்சர் கையைத் தூக்குனாரு. எல்லாரும் நின்னோம். மாட்டுத் தொழுவ வாடை. அவரு விரலைக் காட்டுன பக்கம் பாத்தா, கறுப்பா ஒண்ணு படுத்திருக்கு, நான் பாறைன்னுதான் நினைச்சேன். காது அசைஞ்சுச்சு. ஒத்தைக் காட்டுமாட்டுக் காளை, ஒரு டிராக்டர் தண்டி இருக்கும். அசை போட்டுக்கிட்டிருக்கு. அதுக்குப் பின்னாடி, ரெண்டு ஆள் ஒசரத்துக்கு மேல, பாறை இடுக்குல ஒரு சேலைத் தலைப்பு தெரிஞ்சுச்சு. அவ கட்டியிருந்த ஊதாச் சேலை.

மச்சான் பாயப் போனாரு, ரெண்டு பேரு அமுக்கிப் பிடிச்சாங்க. வாட்சர் எங்களை மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கச் சொல்லிட்டு, மிருகம் விரட்டக் கொண்டுவந்திருந்த வெடியைப் பத்த வச்சு அதுக்கு அந்தப் பக்கமா வீசுனாரு. டமார்னு ஒரு சத்தம். காளை எந்திரிச்சுச்சு. எங்க பக்கம் ஓடி வந்திருந்தா அன்னைக்கு ரெண்டு மூணு சாவு. ஒரு நிமிசம் தலையைத் தாழ்த்தி நின்னுச்சு. ரெண்டாவது வெடி. அது திரும்பிச் சரிவுல எறங்குச்சு, செடி செத்தையெல்லாம் முறிஞ்சு விழுகுற சத்தம் ரொம்ப தூரத்துக்குக் கேட்டுச்சு.

அவ உசுரோட இருந்தா. ரெண்டு பாறைக்கு நடுவுல வலது கால் சொருகி, கணுக்கால் ஒடைஞ்சு, காலைலேர்ந்து அப்படியே கெடந்திருக்கா. பாதம் கத்திரிக்கா நெறம். ஒரு ஆளு ஊருக்கு ஓடிக் கடப்பாரை எடுத்தாந்து, கல்லை நெம்பிக் காலை எடுத்தாங்க. எடுக்கும்போது மச்சான் தோளைக் கடிச்சுக்கிட்டா, கத்தலை. வேட்டியில தூளி கட்டி, கம்பைச் சொருகி ரெண்டு பேரு தூக்குனாங்க. நான் அவ தலைப்பக்கம் நடந்தேன், மூஞ்சியில கிளை இடிக்காம விலக்கிக்கிட்டே.

"கூப்பிட்டிருக்கலாம்ல?" மச்சான் அழுதுக்கிட்டே கேட்டாரு. "இந்த நேரம் வரைக்குமா வாயை மூடிக்கிட்டுக் கெடப்ப?"

"கூப்பிட்டேன், ஒரு தரம்"னா. குரல் காத்தா வருது. "கீழ அது படுத்திருக்குன்னு பாக்கலை. கூப்பிட்டதும் எந்திரிச்சு மூஞ்சியத் திருப்புச்சு. ரெண்டாந்தரம் கூப்பிடப் பயந்துக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டேன்."

மச்சான் நடக்குறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. நான் கிளையை விலக்குற சாக்குல தலையைத் திருப்பிக்கிட்டேன்.

"அவளுக்கு எங்க கேட்டிருக்கப் போகுது"ன்னா, என்னைப் பாக்காமயே. "காத்து எதுத்தாப்புல அடிச்சுச்சு. விடுங்க, நடங்க."

அன்னைக்குக் காத்தே இல்லை. ஒரு இலைகூட ஆடாத நாளு அது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில கணுக்காலுக்குப் பிளேட் வச்சாங்க. ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. ரத்தம் ஓடாம ரொம்ப நேரம் நசுங்கிக் கெடந்திருக்கு, கொஞ்சம் முன்னாடி எடுத்திருந்தா விரல் பொழைச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நடக்கலாம், ஆனா மலை ஏற முடியாதுன்னுட்டாரு. இருவத்தஞ்சு வருசமாக் காட்டை நம்பிக் காலை ஊனினவகிட்ட அதைச் சொல்றப்ப நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னேன். அவ சரின்னு தலையாட்டுனா. நான் வெளிய வராண்டாவுக்கு வந்து சேலையை வாயில அமுக்கிக்கிட்டு அழுதேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. ரெண்டு வீட்டுக்கும் நானே பொங்குனேன், அவ ஆட்டுக்கும் தழை ஒடிச்சுப் போட்டேன், பஸ் ஏறிச் சோறு கொண்டுபோனேன். ஊரே மெச்சுச்சு. சண்டைக்காரியா இருந்தாலும் சொந்தச் சகோதரி மாதிரிப் பாக்குறா, தங்கமான புள்ளன்னு வார்டுல இருக்கிற பொம்பளைங்ககூடச் சொன்னாங்க. ஒவ்வொரு தரம் அதைக் கேக்கும்போதும் செவுட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. பொறுக்க முடியலை. கடைசி நாளு மத்தியானம் மச்சான் மாத்திரை வாங்கக் கீழ போயிருந்தாரு. பக்கத்துக் கட்டில் காலி. அவளுக்கு ரசஞ்சோறு பெசஞ்சு குடுத்துக்கிட்டிருந்தேன்.

"அக்கா. எனக்குக் கேட்டுச்சு"ன்னேன்.

அவ மென்னுக்கிட்டே இருந்தா. முழுங்குனா.

"நீ கூப்பிட்டது. எனக்குக் கேட்டுச்சுக்கா."

"தெரியும்"னா. "பாறை மேல இருந்து ஓடை நல்லாத் தெரியும். நீ அருவாளைக் கீழ வச்ச. தலையைத் திருப்பாம நின்ன. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அப்புறம் அருவாளை எடுத்த. கட்டைத் தூக்கிக்கிட்டுப் போன."

தட்டைக் கட்டில் மேல வச்சேன். அப்புறம் ஏன் மச்சான்கிட்ட காத்து எதுத்தாப்புல அடிச்சுச்சுன்னு சொன்னன்னு கேக்க நினைச்சேன்.

"அவருக்குத் தெரிஞ்சா ரெண்டு குடும்பமும் அத்துப்போயிரும்"னு அவளே சொன்னா. வாயைத் தொடைச்சுக்கிட்டா. அப்புறம் அந்தப் பதினோரு நாள்ல முதத் தடவையா என் மூஞ்சியை நேருக்கு நேராப் பாத்தா.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நான் ரெண்டாந்தரம் கூப்பிட்டிருந்தா, நீ வந்திருப்பியா?"

வந்திருப்பேன்க்கான்னு உடனே சொல்லியிருக்கணும். சொல்லத்தான் நினைச்சேன். எனக்கு வாய் வாரதுக்குள்ள அவ கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா.